ஆர்கன் யாருடையது?



வாரந்தோறும் இப்பகுதியில் ஒரு வேதவசனத்தை எடுத்துத் தியானிப்பது நம் வழக்கம். இந்த வாரம் ஓர் இசைத்தொகுப்பைப் பற்றி எழுதத் துணிகிறேன். சாம்பல் புதனுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, பிப்ரவரி 9 அன்று, காலி மலோன் என்னும் இசையமைப்பாளரின் ‘ஆல் லைஃப் லாங்’ வெளியாயிற்று. இதுவரை ஐந்து முறை கேட்டிருக்கிறேன். ஐந்து முறை கேட்டவன் தீர்ப்புச் சொல்லத் தகுதியுள்ளவன் அல்லன். ஆகையால் இவை முதல் எண்ணங்கள் மாத்திரமே. ஆயினும் இந்த முதல் எண்ணங்களே நான் உங்களிடம் அறிக்கையிட வேண்டிய ஒரு காரியத்துக்கு என்னைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டன. அதைப் பிற்பகுதியில் சொல்லுகிறேன்.

மலோன் 1994இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பிறந்தவர். சுவீடனுக்குச் சென்று ஸ்டாக்ஹோமில் மின்னணு இசையமைப்புப் பயின்றார். அங்கே பைப் ஆர்கன்களுக்குச் சுருதி சேர்க்கும் ஒருவரோடு கூடவே இருந்து அத்தொழிலையும் கற்றுக்கொண்டார். குழாய்களின் உள்ளே கையை விட்டு வேலை கற்றவர் என்பது அவர் இசையைக் கேட்கும்போது விளங்கும். 2019இல் வெளிவந்த அவருடைய ‘தி சாக்ரிஃபீசியல் கோட்’ என்னும் தொகுப்பை, வெளிநாட்டில் படிக்கும் நம் சேகரத்துப் பிள்ளை ஒருவன் எனக்கு அனுப்பி, “ஐயா, இது பிரார்த்தனையா, பைத்தியமா, நீங்களே சொல்லுங்கள்” என்று எழுதியிருந்தான். ஒலிவாங்கியைக் குழாய்களுக்கு மிக அருகே வைத்து, ஆலயத்தின் எதிரொலியே கேளாதபடி பதிவு செய்யப்பட்ட இசை அது. ஆர்கன் என்றவுடன் நாம் எதிர்பார்க்கும் கம்பீரம் எதுவும் அதில் இல்லை. காற்று குழாய்க்குள் நுழைவதும் வெளியேறுவதும்தான் இருந்தது. அவனுக்கு நான் பதில் எழுதவில்லை. ஆனால் அன்று முதல் அவருடைய இசையை விடாமல் கேட்டு வருகிறேன்.

புதிய தொகுப்பில் 12 இசைப்பகுதிகள்; மொத்தம் 78 நிமிடங்கள். ஆர்கனோடு இம்முறை மனிதக் குரல்களும் பித்தளை ஊதுகருவிகளும் சேர்ந்திருக்கின்றன. எட்டியேன் ஃபெர்ஷோ வழிநடத்தும் மக்காடம் என்னும் பாடகர் குழு பிரான்சின் நாந்த் நகரத்திலுள்ள ஒரு சிற்றாலயத்தில் பாடியிருக்கிறது. பித்தளைக் கருவிகளை அனிமா பிராஸ் குழுவினர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ஊதியிருக்கிறார்கள். இம்மூன்றையும் ஒன்றாக இணைப்பது காற்று. எபிரெய மொழியில் காற்றுக்கும் சுவாசத்துக்கும் ஆவிக்கும் ‘ருவாக்’ என்ற ஒரே சொல் வழங்குவதை வேதபாட வகுப்பில் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்தச் சொல்லின் மூன்று முகங்களைக் காதால் கேட்பதுபோல் இருந்தது. பாடுகிறவருக்கு மூச்சு முட்டும். டிராம்போன் ஊதுகிறவருக்கு உதடு தளரும். ஆர்கனுக்கோ களைப்பே இல்லை. விரலை எடுக்கும்வரை அது ஒலித்துக்கொண்டே இருக்கும். களைக்கிற காற்றையும் களைக்காத காற்றையும் அடுத்தடுத்து வைத்திருப்பதே இத்தொகுப்பின் அமைப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

இனிச் சுருதியைப் பற்றிச் சொல்லவேண்டும். நம் ஆலயத்துக் கீபோர்டில் ‘ச’வையும் அந்தர காந்தாரத்தையும் ஒருங்கே அழுத்தினால் இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையில் அந்தக் காந்தாரம் இயற்கையான தானத்தைவிட அரைச்சுரத்தின் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு ஏறி நிற்கிறது. பன்னிரண்டு சுரங்களையும் சம இடைவெளியில் பங்கிட்டு, எல்லாச் சுருதியிலும் வாசிக்க வழிசெய்தபோது கொடுத்த விலை அது. இந்தக் காரணத்தையும் முன்னிட்டே அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. 1971இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. ஹார்மோனியத்தோடு கீர்த்தனை பாடி வளர்ந்த நமக்கு அந்தக் குறை பழகிப்போய்விட்டது.

மலோன் இத்தொகுப்புக்குத் தெரிந்தெடுத்த ஆர்கன்கள் ‘மீன்டோன்’ என்னும் பழைய சுருதிமுறையில் அமைந்தவை. அம்முறையில் காந்தாரம் தூய்மையாக நிற்கும்; அதற்கு ஈடாகப் பஞ்சமம் சற்றே குறுகும். சில சுரக்கூட்டங்களோ ஊளையிடும். மேற்கத்திய இசைக்காரர்கள் அதற்கு ‘ஓநாய்’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். ஆகவே இசையமைப்பவர் தமக்குக் கிடைத்த சிறிய நிலத்துக்குள்ளேயே நடமாட வேண்டும். தம்புராவின் இரு தந்திகள் சேர்ந்தும் சேராமலும் இருக்கும்போது ஒரு விம்மல் எழுந்து, சேரச் சேர மெதுவாகி அடங்குமே, அந்த விம்மலைத்தான் மலோன் தம் இசையின் நடையாக ஆக்கியிருக்கிறார். தாளம் போட ஒன்றுமில்லை. ஒரு சுரம் விலகி அடுத்த சுரம் வரும்போது காற்றின் துடிப்பு மாறுகிறது; அவ்வளவுதான் நிகழ்வது. அதைக் காத்திருந்து கேட்கத் தெரிந்துவிட்டால், அவ்வளவே போதுமானதாகிவிடுகிறது.

தொகுப்பின் தலைப்பைத் தாங்கிய பகுதி இருமுறை வருகிறது. முதலில் ஆர்கனில் நீண்டு ஒலிக்கிறது. பின்பு, தொகுப்பின் பிற்பகுதியில், ஆங்கிலக் கவிஞர் ஆர்தர் சைமன்சின் கடலைப் பற்றிய கவிதை ஒன்றின் சொற்களைத் தாங்கி மனிதக் குரல்களில் திரும்பி வருகிறது. முதல் முறை கேட்டபோது இரண்டும் ஒன்றே என்பதை நான் உணரவில்லை. எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்னும் நெருடல் மாத்திரம் இருந்தது. இழவு வீட்டில் ஒருவர் முகத்தைப் பார்த்து, ‘இவர் இறந்தவருடைய தம்பியாக இருக்க வேண்டும்’ என்று நினைப்போமே, அதைப் போன்றது. ‘ரெட்ரோகிரேட் கேனன்’ என்னும் பகுதியின் தலைப்பு, முன்னோக்கிச் செல்லும் மெட்டே பின்னோக்கியும் நடப்பதைக் குறிக்கும். நம் தமிழ்ப் புலவர்களின் மாலைமாற்றுக்கு இணையான கலை அது. ஆனால் பித்தளைக் கருவிகளின் பகுதிகளில் என் மனம் இன்னும் முழுமையாக ஒட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒலிப்பதிவுக் கூடத்தின் வறட்சி அவற்றில் தெரிகிறது. ஊதுகிறவர்களின் திறமை தெரிகிற அளவுக்கு அவர்களுடைய களைப்பு தெரியவில்லை. ‘ஃபாஸ்டன்டு மேஸ்’ என்னும் ஆர்கன் பகுதியை முதல் முறை கேட்கையில் உறங்கிவிட்டேன். உங்களில் சிலர் என் பிரசங்கத்தின்போது செய்வதுதான், ஆகையால் மன்னிப்பீர்கள்.

என்னைக் கலங்கச் செய்தது முதற்பகுதி. குரல்கள் மாத்திரம், இணையான கருவி ஏதும் இல்லை. மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் கையில் ஏந்திக் கொண்டுபோய் வைப்பதுபோலப் பாடுகிறார்கள். மொழி இத்தாலியம், எனக்கு அது தெரியாது. ஏதோ பழைய சங்கீதப் பாடல் என்றே எண்ணி, அதிகாலையில் கண்களை மூடிக் கேட்டேன், உண்மையாகவே ஜெபித்தேன். பின்பு அதன் மூலத்தைத் தேடிப் பார்த்தேன். அது சங்கீதம் அன்று. ஜோர்ஜோ அகம்பென் என்னும் இத்தாலியத் தத்துவவாதியின் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்ட உரைநடை. கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால் ‘பரிசுத்தக் குலைச்சலுக்கு ஒரு புகழுரை’ என்றாகும். ஒரு பொருளைப் பரிசுத்தமாக்குவது என்றால் அதை மனிதருடைய புழக்கத்திலிருந்து எடுத்து அப்புறப்படுத்துவது; அதன் பரிசுத்தத்தைக் குலைப்பது என்றால் அதை மீண்டும் மனிதருடைய புழக்கத்துக்குக் கொடுப்பது. இதுவே அவருடைய வாதத்தின் சாரம்.

அருமையானவர்களே, ஏமாற்றப்பட்டவன்போல் முதலில் உணர்ந்தேன் என்பதை மறைக்கமாட்டேன். ஜெபம் என்று நம்பி முழங்கால் படியிட்டவனுக்கு முன்பாக, அது ஜெபமன்று என்று ஒருவர் விளக்கேற்றிக் காட்டியதுபோல் இருந்தது. அந்தக் கோபத்தில் ஒருநாள் முழுவதும் தொகுப்பைத் தொடவில்லை.

பின்பு, 2023 மே மாதத்தில் நடந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வந்தது. பிரான்சின் பிரெத்தாஞ் பகுதியில் கார்னாக் என்னும் ஊரிலுள்ள புனித கொர்னேலி ஆலயத்தில் மலோன் ஆர்கன் வாசிப்பதாக இருந்தது. மரபைத் தீவிரமாகப் பற்றிய கத்தோலிக்கர் சிலர் வந்து வாசலை மறித்து நின்றார்கள். ஆலயத்தின் பரிசுத்தம் குலைகிறது என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. கச்சேரி நடைபெறவில்லை. இத்தொகுப்பின் முதற்பகுதி அதற்குப் பதிலாக எழுதப்பட்டது என்று நான் சொல்லவில்லை. இதிலுள்ள இசை பல ஆண்டுகளாக உருவானது. ஆனாலும் வாசலில் நின்றவர்களுடைய வாயில் இருந்ததும் பாடகர்களுடைய வாயில் இருப்பதும் ஒரே கேள்விதான். ஆலயத்தில் உள்ளது யாருடையது?

ஆர்கனின் கதையை அறிந்தால் இக்கேள்வி இன்னும் கூர்மையாகும். ஆர்கன் ஆலயத்தில் பிறந்த கருவி அன்று. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் கிதேசிபியஸ் என்னும் பொறியாளர் தண்ணீரின் அழுத்தத்தால் இயங்கும் முதல் ஆர்கனைச் செய்தார். ரோமர் அதைத் தங்கள் களியாட்ட அரங்கங்களில் வாசித்தார்கள். லிபியாவின் ஸ்லிட்டன் என்னும் இடத்தில் கிடைத்த ரோமானியக் கல்லோவியத்தில், வாள்வீரர்கள் போரிடும் களத்தின் ஓரத்தில் ஆர்கன் வாசிக்கும் பெண் ஒருத்தி அமர்ந்திருக்கிறாள். மனித இரத்தம் சிந்தும் இடத்தில் ஒலித்த கருவி அது. கி.பி. 757இல் பைசாந்திய மன்னர் ஓர் ஆர்கனைப் பிராங்கு நாட்டு அரசர் பெப்பினுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். அப்போதும் அது அரண்மனைப் பொருள்தான். சபை அதை ஏற்றுக்கொண்டது அதற்கும் பிறகு. ஏற்றுக்கொண்ட பின்பும் சண்டை ஓயவில்லை. சீர்திருத்தக் காலத்தில், 1527இல், சூரிக் நகரத்தின் பேராலயத்திலிருந்த ஆர்கனைக் கழற்றி உடைத்தார்கள். ஸ்காட்லாந்துப் பிரெஸ்பிட்டேரியன் சபையார் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரையில் அதை ஆராதனையில் அனுமதிக்கவில்லை. சென்னை எழும்பூரில் அவர்கள் கட்டிய புனித ஆந்திரேயா ஆலயம் 1821இல் திறக்கப்பட்டது. இன்று நாம் போய்க் கேட்டு மகிழ்கிற பைப் ஆர்கன் பல பத்தாண்டுகளுக்குப் பின்புதான் அங்கே வந்தது. அரங்கத்திலிருந்து வந்தது என்று ஒரு காலத்தில் துரத்தப்பட்ட கருவியை, அரங்கத்துக்காரி தொடக்கூடாது என்று இன்னொரு காலத்தில் நாம் காவல் காக்கிறோம்!

மலோன் வாசித்த மூன்று ஆர்கன்கள் இருக்கும் இடங்களையும் கவனியுங்கள். முதலாவது, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்துப் புனித பிரான்சிஸ் ஆலயம். பிரான்சிஸ்கன் துறவிகள் கட்டி, சீர்திருத்தத்தில் புராட்டஸ்டண்டு சபையிடம் வந்தது. இரண்டாவது, ஆம்ஸ்டர்டாமின் ஆர்கல்பார்க். முன்பு ஆலயம், இன்று கச்சேரி மண்டபம். மூன்றாவது, சுவீடனின் மால்மோ அருங்காட்சியகம். அங்குள்ள ஆர்கன் ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் அந்நகரத்துப் புனித பேதுரு ஆலயத்துக்காகச் செய்யப்பட்டது. ஆலயம், ஆலயமாயிருந்த கட்டடம், ஆலயத்திலிருந்து அருங்காட்சியகத்துக்குச் சென்ற பொருள். ஐரோப்பியத் திருச்சபையின் சரித்திரமே இந்த மூன்று முகவரிகளில் அடங்கியிருக்கிறது. அக்கருவிகளுக்கு முன்னால் அமர்ந்து பொறுமையோடு வாசிக்க ஒரு பெண் வந்திருக்கிறாள். அவளுக்கு வாசலை அடைக்கும் அளவுக்கு அந்த ஆலயங்களில் கூட்டம் நிரம்பி வழிகிறதா என்ன?

அகம்பென் சொன்னதை நான் அப்படியே ஏற்கவில்லை. பரிசுத்தமாக்குவது என்றால் மனிதரிடமிருந்து பிடுங்குவது என்று அவர் எண்ணுகிறார். நம் தென்பாண்டிச் சபைகளில் அவர் ஒரு அசனப் பண்டிகையைக் கண்டிருந்தால் இன்னொரு பக்கத்தையும் எழுதியிருப்பார். அரிசியும் பருப்பும் ஆடும் காணிக்கையாக வருகின்றன. ஆண்டவருக்கென்று படைத்தது அதே நாளில் ஊருக்கெல்லாம் பந்தியாகிறது. பலிபீடத்தண்டை வைத்த பூசணிக்காயும் சேவலும் ஆராதனை முடிந்தவுடன் ஏலத்துக்கு வந்து, யார் வீட்டுக் குழம்பிலோ போய்ச் சேருகின்றன. அதனால் பரிசுத்தம் குலைந்தது என்று எந்த மூப்பரும் சொன்னதில்லை. கொடுப்பதற்காகவே எடுத்து வைப்பதும் உண்டு என்பதை அந்தத் தத்துவவாதி அறியவில்லை.

ஆனால் வாசலை மறித்தவர்களைவிட அவர் நற்செய்திக்கு அருகில் இருக்கிறார் என்று நான் எண்ணுகிறேன். பசித்து வந்த தாவீதுக்கு ஆசாரியனாகிய அகிமெலேக்கு தேவசமுகத்து அப்பத்தை எடுத்துக் கொடுத்தான். ஆசாரியர் அல்லாதவர் புசிக்கலாகாத அப்பம் அது. ஓய்வுநாளில் கதிர் கொய்த சீஷர்களைப் பரிசேயர் குற்றப்படுத்தினபோது, நம் ஆண்டவர் எடுத்துக் காட்டியது அந்தச் சம்பவத்தையே. அவர் அகிமெலேக்கைக் கண்டிக்கவில்லை.

இப்போது நான் முதலில் சொன்ன காரியத்துக்கு வருகிறேன். சென்ற ஆண்டு, ஆகமன காலத்துக்குச் சற்று முன்பு, நம் சேகரத்து வாலிபர் நால்வர் சேகரக் கமிட்டிக்கு ஒரு மனுக் கொடுத்தார்கள். ஒரு வாரநாள் மாலையில் ஆலயத்துக்குள் ஒரு மணி நேரம், பாடல் வரிகள் இல்லாமல், தாளமும் இல்லாமல், தாங்கள் அமைத்த இசையை வாசிக்க அனுமதி வேண்டும் என்பது அவர்களுடைய விண்ணப்பம். ஏன் மண்டபத்தில் வாசிக்கக்கூடாது என்று கேட்டதற்கு, ஆலயத்தின் உயரமான கூரையில் ஒலி நின்று போவதைக் கேட்க வேண்டும் என்றார்கள். நியாயமான விடை. ஆயினும் ‘ஆலயத்தின் பரிசுத்தத்துக்குப் பொருந்தாது’ என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதி மனுவைத் தள்ளினோம். தலைவர் என்ற முறையில் கையெழுத்திட்டது நான். அவர்களுடைய இசையை நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவுமில்லை. வீட்டுக்கு வந்து அன்றிரவே மலோனைக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதுதான் இப்போது என்னைக் குத்துகிறது. தூரத்து நாட்டுப் பெண் செய்தால் கலை. நம் தெருவிலுள்ள பையன் செய்தால் குலைச்சல்! அந்த நால்வரில் ஒருவன் அதற்குப் பின்பு ஞாயிறு ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டான். கார்னாக்கில் நான் வாசலை மறித்து நிற்கவில்லை. அதற்கு எனக்கு ஒரு பேனா போதுமாயிருந்தது.

இன்று வரிகளில்லாத இசைக்கு இடங்கொடுத்தால் நாளை எதற்கெல்லாம் இடங்கொடுக்க வேண்டியிருக்கும் என்று மூத்தவர்கள் அஞ்சுவதை நான் இலேசாக எண்ணவில்லை. ஞாயிறு ஆராதனையின் நேரத்தையோ பாமாலையின் இடத்தையோ யாருக்கும் விட்டுக்கொடுக்கச் சொல்லவுமில்லை. ஒரு வாரநாள் மாலையைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்த மனுவை மார்ச் மாதக் கமிட்டிக் கூட்டத்தில் நானே மீண்டும் எடுத்து வைக்கப்போகிறேன். அதற்குமுன் அந்த நால்வரையும் வீட்டுக்கு அழைத்து அவர்களுடைய இசையைக் கேட்க வேண்டும். மூவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நான்காவது பிள்ளையின் வீட்டுக்கு நான் போகவேண்டும்.

மலோனின் தொகுப்பில் ‘ஸ்லோ ஆஃப் ஃபெய்த்’ என்று ஒரு குரல் பகுதி உண்டு. விசுவாசிக்கத் தாமதிப்பவர் என்று அத்தலைப்பைத் தமிழாக்கலாம். எம்மாவூருக்குப் போன இருவரையும் வழியில் சேர்ந்துகொண்டவர் கண்டித்த விதத்தை அது எனக்கு நினைப்பூட்டியது. மலோனுக்கு அந்த எண்ணம் இருந்ததோ இல்லையோ, அவ்வழியில் நடந்து பழகின எனக்கு இருந்தது. ஆகவே அப்பகுதியைத்தான் மற்றவற்றைவிட அதிகமாகத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை மாலை 6 மணிக்கு, ஆயர் வீட்டு முன்னறையில், முழுத் தொகுப்பையும் நல்ல ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்கலாம் என்றிருக்கிறேன். நடுவில் விளக்கவுரை இராது. 78 நிமிடமும் அமர்ந்திருக்க இயலாதவர்கள் நடுவில் எழுந்து போகலாம். உறக்கம் வந்தால் உறங்கலாம். காப்பி உண்டு.

உங்கள் ஆயர்